பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்து

எங்கள் கம்பெனி ஊழியர்களின் ஓய்வூதிய டிரஸ்டுக்கு என்னை டிரஸ்டியாகத் தேர்ந்தெடுத்தபோது இரண்டு காரணங்கள் சொன்னார்கள். ஒன்று, நான் தமிழன். ஆகையால் கணக்கில் புலி. இரண்டு, நான் சைவம். ஆகையால் நிர்வாகம் என்னை மீன் கொடுத்து வாங்க முடியாது.

முதல் காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் நான் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, விடைத்தாள் திருத்தியவர் ரொம்ப இளகிய மனசுக்காரர் என்றார் என் அப்பா. இதையெல்லாம் கொல்கத்தாவில் வெளியே சொல்லக் கூடாது. பேங்கிலும் ரயில்வேயிலும் கணக்குப் பார்க்க வந்த தமிழர்கள் மூன்று தலைமுறையாக இங்கே நல்ல பெயர் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரின் வட்டியில்தான் என்னைப் போன்றவர்கள் சாப்பிடுகிறோம். டிரஸ்டி ஆன செய்தியைத் திருநெல்வேலியில் இருக்கும் மாமாவுக்குப் போனில் சொன்னேன். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார்.

கோயில் இல்லை. கார்டன் ரீச்சில் ஆற்றை ஒட்டி இருக்கும் பம்ப் தொழிற்சாலை. செய்த பம்புகளை லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். எங்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம், கம்பெனி கொஞ்சம் என்று மாதாமாதம் ஒரு தொகை டிரஸ்டுக்குப் போகும். ஓய்வு பெற்றபின் அதிலிருந்து பென்ஷன். முதலாளி அதில் கை வைத்துவிடாமல் இருக்க ஆறு டிரஸ்டிகள். மூன்று பேர் நிர்வாகத்தின் ஆட்கள், மூன்று பேர் எங்கள் ஆட்கள். அந்த மூவர் மேல் எங்கள் மூவருக்கும் ஒரு கண் இருக்க வேண்டும். ஆறு பேர் மேலும் அரசாங்கத்துக்கு ஒரு கண். இத்தனை கண்களுக்கு நடுவே இருக்க அந்தப் பணத்துக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஜனவரியில், கூட்டம். கூட்டம் பதினொரு மணிக்கு என்றால், கூட்டத்தில் என்ன நடந்தது என்கிற குறிப்பு பத்தரைக்கே டைப் அடித்து மேஜைமேல் இருக்கும். ‘டிரஸ்டிகள் முதலீடுகளை விரிவாக ஆராய்ந்து ஏகமனதாகத் திருப்தி தெரிவித்தனர்’ என்று அதில் ஒரு வரி. பதினொன்றரைக்கு எனக்கு ஏற்படப் போகும் திருப்தி இவர்களுக்குப் பத்தரைக்கே எப்படித் தெரிந்தது என்று முதல் வருஷம் கொஞ்சம் யோசித்தேன். இரண்டாம் வருஷத்திலிருந்து யோசிக்கவில்லை. தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

டிரஸ்ட் வேலைகளை ஒரு தலைமைக் குமாஸ்தா பார்த்துக்கொண்டார். வங்காள வழக்கப்படி எல்லோரும் அவரைப் பொடோபாபு என்போம். ஒவ்வொரு பக்கத்திலும் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார். நாங்கள் போட்டு முடித்ததும் குறிகளை ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிடுவார். நாங்களாகவே யோசித்து இடம் கண்டுபிடித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். இதற்குப் பத்து நிமிஷம். பிறகு ஃபிஷ் ஃப்ரை.

என் பங்கு ஃபிஷ் ஃப்ரை யாருக்கு என்பதில் மற்ற இரண்டு ஊழியர் டிரஸ்டிகளுக்கும் நடந்த விவாதம்தான் அந்த அறையில் நான் கேட்ட ஒரே கருத்து வேறுபாடு. எனக்கு மட்டும் தனித் தட்டு. மீன் கொடுத்து வாங்க முடியாதவனை நிர்வாகம் பனைவெல்ல சந்தேஷ் என்கிற பால் இனிப்பைக் கொடுத்து வாங்கியது. வருஷத்துக்கு நாலு. விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

இப்படி ஆறு வருஷம்.

ஏழாவது வருஷக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னால், பெயின்ட் பிரிவின் மூத்தவர் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். வயதில் பெரியவர், அண்ணன் என்கிற அர்த்தத்தில் அவரைத் தாதா என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கூப்பிடுவது மத்ராஜி, அதாவது மதராஸி. பிப்ரவரி கடைசியில் அவருக்கு ஓய்வு. பிள்ளைகள் கிடையாது. மனைவிக்கு மூட்டு வாதம், மாதாமாதம் ஊசி. சம்பளம் நின்றபின் அந்த ஊசிக்கும் சேர்த்து அவருக்கு வரப்போவது இந்த பென்ஷன் ஒன்றுதான்.

“மத்ராஜி, ஒரு ஃபாரம் கொடுத்திருக்காங்க. என் பணம் டிரஸ்ட்லயே இருந்து அங்கேயே பென்ஷன் வாங்கலாம். இல்லேன்னா மொத்தத்தையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாத்தி அங்க வாங்கலாம். எது நல்லது?”

“டிரஸ்ட்ல மாசம் கொஞ்சம் கூட வரும், தாதா.”

“கூட வர்றது இருக்கட்டும். பணம் பத்திரமா இருக்கா? நீ பார்த்தியா?”

வாயில் தயிர்சாதம் இருந்தது. இருந்தும் பதில் வந்துவிட்டது. “இருக்கு தாதா. வருஷா வருஷம் பார்க்கிறேனே.”

அன்று சாயங்காலமே டிரஸ்டில் வைத்துக்கொள்வதாக ஃபாரம் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு மனிதர் என் பேச்சை நம்பி ஒரு காரியம் செய்வது அதுதான் முதல் தடவை. டாக்குரியாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, இந்தப் பெருமையை மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அந்தப் பணம் எந்த பேங்க்ல இருக்கு?”

“ஒரே பேங்க்ல இல்ல. பல இடத்துல.”

“பல இடம்னா?”

“முதலீடு.”

அவள் கீரையைக் கீழே வைத்தாள். “கத்திரிக்காய் வாங்கப் போனா ஒவ்வொண்ணாத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புழு இருக்குன்னு கடைக்காரன்கிட்ட அரை மணி நேரம் மல்லுக்கட்டுதிய. இத்தனை பேரு பென்ஷனுக்கு ஒரு காகிதத்தக்கூட படிக்காமலா கையெழுத்துப் போட்டிய?”

“கத்திரிக்காய் நாம சாப்பிடுறது.”

“பென்ஷன்லயும் கத்திரிக்காய்தான் வாங்கணும்.”

என் பென்ஷனும் அதே டிரஸ்டில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் பொடோபாபுவிடம் போய் ஃபைலைக் கேட்டேன்.

“ஏன், ஏதாவது கையெழுத்து விட்டுப்போச்சா?”

“இல்ல. படிக்கணும்.”

“படிக்கவா?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஐயா, நீங்க டிரஸ்டி. உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமமெல்லாம்?”

இருந்தாலும் கொடுத்தார். ஆறு வருஷக் குறிப்புகள், ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து. சும்மா சொல்லக் கூடாது, அழகான கையெழுத்து. அதற்கு மேலே இருந்த எழுத்துகளை அன்றுதான் படித்தேன். எங்கள் பணத்தில் பெரும் பகுதி வடக்கே ஒரு தேயிலைத் தோட்டக் கம்பெனியில் டெபாசிட்டாக இருந்தது. தோட்டம் எங்கள் முதலாளியின் மைத்துனருடையது. ஃபைலின் முதல் பக்கத்தில், டிரஸ்டின் சட்டதிட்டத்தில், அரசாங்கப் பத்திரம் போன்ற இடங்களில்தான் பணத்தைப் போடலாம், முதலாளிக்கோ அவருடைய உறவுக்காரர் தொழிலுக்கோ கொடுக்கவே கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதற்குக் கீழேயும் என் கையெழுத்து. டெபாசிட்டை வருஷா வருஷம் நாங்கள் ஏகமனதாகப் புதுப்பித்திருந்தோம்.

அந்தத் தோட்டத்தில் தொழிலாளிகளுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. அந்தச் செய்தியை நானே படித்துவிட்டு, பாவம், அவங்க பணத்தை யாரு கவனிக்கிறாங்களோ என்று மனைவியிடம் சொல்லியும் இருக்கிறேன்.

தாதாவிடம் போய்ச் சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“பார்த்தேன்னு சொன்னியே.”

“கையெழுத்துப் போட்டதத்தான் பார்த்தேன்னு சொல்லிட்டேன், தாதா.”

திட்டுவார் என்று தயாராக நின்றேன். ஒரு கால்பந்து ஆட்டம் தோற்றாலே அவர் நடுவரின் பரம்பரை முழுவதையும் இழுப்பவர். அன்றோ டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, “வீட்டுல இதைச் சொல்ல மாட்டேன். இன்னிக்கு அவளுக்கு ஊசி” என்றார். பிறகு இரண்டு பேருமாகப் பொடோபாபுவிடம் போனோம். ஃபாரத்தை மாற்றி இன்ஷூரன்ஸுக்கு எழுத வேண்டும் என்றோம்.

“தாராளமா மாத்தலாம். மாசக் கடைசி வரைக்கும் டயம் இருக்கு. ஆனா கொடுக்கப் பணம் வேணுமே. டெபாசிட் திரும்பினதும் கொடுத்துடலாம்.”

“எப்போ திரும்பும்?”

“அதை டிரஸ்டிகள்தான் தீர்மானிக்கணும்” என்றார் பொடோபாபு. தாதா என்னைப் பார்த்தார். நான் வேறு யாராவது டிரஸ்டி தென்படுகிறாரா என்று பார்த்தேன்.

ஜனவரிக் கூட்டத்தில் கேட்டேன். தேயிலைத் தோட்டத்தில் போட்ட பணத்தை உடனே திருப்பிக் கேட்க வேண்டும், ஏன் அங்கே போட்டோம் என்று குறிப்பில் எழுத வேண்டும் என்றேன். தலைமை வகித்த நிதி டைரக்டர் மிகவும் மரியாதையான மனிதர்.

“நல்ல கேள்வி. ஆனா குறிப்பு டைப் ஆயிடுச்சே.”

பொடோபாபு பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, நடுவில் நுழைக்க இடமில்லை என்றார். கேள்வியை அடுத்த வருஷக் குறிப்பில் முதல் ஐட்டமாகப் போட்டுவிடலாம் என்று இன்னொருவர் வழி சொன்னார். எங்கள் பக்கத்து டிரஸ்டி ஒருவர் என் தொடையைத் தட்டி, “மத்ராஜி, ஃப்ரை ஆறிப்போகுது” என்றார்.

கையெழுத்துப் போட மறுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையில் அவசரத்தில் பேனா மூடியைத் தப்புப் பக்கம் திருகி, அது திறக்கவே வரவில்லை. அதை அவர்கள் வீரம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். மற்ற ஐந்து பேரும் போட்டார்கள். பெரும்பான்மை போதுமாம். ஏகமனதாக என்கிற சொல்லை மாற்றினால் பக்கத்தையே திரும்ப டைப் அடிக்க வேண்டும் என்பதால் அது அப்படியே இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு சால்ட் லேக்கில் இருக்கும் அரசு அலுவலகத்துக்குப் போனேன். கம்பெனிகள் நடத்தும் ஓய்வூதிய டிரஸ்டுகளைக் கண்காணிக்கும் அலுவலகம். அதிகாரி ஒரு அம்மாள். அவருக்குப் பின்னால் அலமாரிகள் கூரை வரை போயின. இத்தனை டிரஸ்டுக்கும் தானும் இன்னொரு பெண்ணும்தான், அந்தப் பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்றார். எங்கள் டிரஸ்டின் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

“உங்க டிரஸ்ட் ரொம்ப நல்ல டிரஸ்ட் ஆச்சே. வருஷா வருஷம் கெடுவுக்கு முன்னாடியே படிவம் வந்துடும்.”

“அதுல என்ன எழுதியிருக்குன்னு பார்ப்பீங்களா, மேடம்?”

“எல்லாக் கையெழுத்தும் இருக்கான்னு பார்ப்போம். டிரஸ்டிகள் கையெழுத்துப் போட்டிருந்தா, அவங்க பார்த்திருக்காங்கன்னுதானே அர்த்தம்?”

“நாங்க, அரசாங்கம் பார்த்துக்கும்னு கையெழுத்துப் போடுறோம்.”

இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் டிரஸ்ட் விஷயத்தில் யாராவது எதையாவது நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவர் நல்லவர். எழுத்தில் புகார் வந்தால் தானே ஆய்வுக்கு வர முடியும் என்று ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். புகார் கொடுப்பவர் பெயர்: எழுதினேன். புகார் யார் மேல்: டிரஸ்டிகள் பெயரை வரிசையாக எழுதினேன். வாங்கி எண்ணிப் பார்த்தார்.

“அஞ்சு பேர்தான் இருக்கு. ஆறாவது யாரு?”

“நான்.”

“அதையும் எழுதுங்க.”

“மேடம், நான்தான் புகார் கொடுக்கிறேன்.”

“கையெழுத்துப் போட்டவரும் நீங்கதானே? ஒரு டிரஸ்டியை விட்டுட்டா மத்தவங்க அதைச் சொல்லியே புகாரைத் தள்ளுபடி பண்ண வச்சிடுவாங்க.” பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், அபராதம் வரலாம், நஷ்டம் ஏற்பட்டால் அதில் ஒரு பங்கை நானும் கட்ட வேண்டி வரலாம் என்றும் சொன்னார்.

ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். ஓடிவிடத்தான் வந்தேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆட்டோவும் ஒன்று தானாக வந்து பக்கத்தில் நின்றது. ஒரு கால் உள்ளே வைத்தாயிற்று. அப்போது போன். தாதா.

“ஆச்சா?”

“ஆயிட்டே இருக்கு, தாதா.”

“சாப்பிட்டியா நீ?”

அவர் என்னைத் திட்டியிருந்தால் அந்த ஆட்டோவில் நான் போயிருப்பேன். ஆட்டோக்காரரிடம் இரண்டு வசவு வாங்கிக்கொண்டு திரும்பிப் போய் ஆறாவது பெயரை எழுதினேன். புகாரின் விவரம் என்கிற இடத்தில் எழுதத் தொடங்கியபின்தான் என் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்று தெரிந்தது. கூடுதல் தாள் கேட்டு வாங்கினேன்.

இரண்டு வாரத்தில் வீட்டுக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. தங்கள்மீது வந்த புகாருக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தாள். தபால்காரரின் ரசீதைப் படித்துவிட்டுத்தான் போட்டதாகவும் சொல்லிவிட்டு, பிரித்த தாளை நீட்டினாள்.

“உங்க மேல எவனோ புகார் கொடுத்திருக்கான்.”

“நான்தான்.”

“எனக்குத்தான் உங்களப் பிடிக்கலைன்னு நெனச்சேன்” என்றாள்.

விசாரணை அன்று ஆறு பேரும் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். என் முறை வந்ததும் அந்த அம்மாள், புகாருக்கு உள்ளானவர் என்கிற முறையில் உங்கள் விளக்கம் என்ன என்று கேட்டார். மற்றவர்கள் சொன்னதை நம்பி நல்லெண்ணத்தில் கையெழுத்துப் போட்டேன் என்றேன்.

“புகார் கொடுத்தவர்ங்கிற முறையில இந்த விளக்கம் உங்களுக்குத் திருப்தியா?”

“இல்லை, மேடம்.”

இரண்டும் பதிவாயின. நிதி டைரக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உத்தரவு எனக்குப் பாதி சாதகமாகவும் பாதி பாதகமாகவும் வந்தது. வேறு எப்படி வர முடியும். தோட்டக் கம்பெனி பணத்தைத் தவணையாகத் திருப்ப வேண்டும், வரும் பணத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும். ஆறு டிரஸ்டிகளுக்கும் சமமாக அபராதம், எழுத்தில் எச்சரிக்கை. எங்கள் பக்கத்து மற்ற இருவரும் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். அபராதத்தைவிட அது பரவாயில்லை.

ஆனால் உத்தரவுக்குக் கால் முளைத்து நடந்து வரவேண்டுமே. தாதா பிப்ரவரியில் வழியனுப்பு மாலை போட்டுக்கொண்டு கம்பெனியை விட்டு வெளியே போனார். மார்ச்சில் பென்ஷன் இல்லை. ஏப்ரலில் இல்லை. மே மாத வெயிலில் ஒரு நாள் டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டின் இரும்பு கேட்டுக்கு அவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மறுபக்கம் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் பார்த்துவிட்டார்.

“சும்மா உட்கார்ந்தா கை மறந்துடும் மத்ராஜி” என்றார். அவர் கேட்காத கேள்விக்கு நான், “முதல் தவணை வந்துட்டதாம் தாதா, லிஸ்ட்ல உங்க பேரு ரெண்டாவதா இருக்கு” என்றேன். இந்த முறை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். லிஸ்டின் நகல் பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டினேன். கையில் பெயின்ட் இருந்ததால் தொடாமல், குனிந்து தன் பெயரை மட்டும் படித்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பத்திரம் அவருக்கு வந்துசேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதம் முதல் பென்ஷன். உறையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டி, “பார்த்துச் சொல்லு” என்றார்.

உட்கார்ந்து படித்தேன். பொடி எழுத்து, அதற்கு அடிக்குறிப்பு இன்னும் பொடி. மனைவி இரண்டு தடவை டீ கொடுத்தாள். தாதா பேப்பரை விளையாட்டுப் பக்கம் முதல் வரி விளம்பரம் வரை புரட்டி முடித்தார். “இவ்வளவு நேரமா?” என்றார். நாலாவது பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது: பென்ஷன் வாங்குபவருக்குப் பிறகு அவர் மனைவிக்கு அது தொடர வேண்டுமா? ‘வேண்டாம்’ என்று இருந்தது.

“தாதா, உங்களுக்கப்புறம் அண்ணிக்கு வரவேண்டாம்னு எழுதினீங்களா?”

“நான் எதுக்கு அப்படி எழுதறேன்?”

படிவத்தை நிரப்பும்போது யாரோ கட்டம் மாற்றிக் குறித்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தை முழுக்கத் தேடினேன். பத்திரம் கைக்கு வந்து முப்பது நாளைக்குள் திருத்தச் சொல்லலாம் என்று இருந்தது. வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. தாதாவின் மனைவிக்குத் தொடர வேண்டும், மாதத்தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கடிதம் எழுதினேன். அவர் நான் எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“எங்க கையெழுத்துப் போடணும்?”

“படிச்சிட்டுப் போடுங்க தாதா.”

“நீதான் படிச்சியே.”

“நான் சொன்னா போட்டுடுவீங்களா?”

தாதா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, என் மனைவியிடம் கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, கடிதத்தின் முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.